பாட்டிஸ்டுட்டா ஒன்பது வருஷம் ஃபியோரென்டினாவிலேயே இருந்தது சரியா? அந்தக் கால இத்தாலி லீக் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வலதுவிங்:

கொஞ்ச நாளாகப் பழைய இத்தாலி லீக் மேட்சுகளைத் தேடித்தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் கேப்ரியல் பாட்டிஸ்டுட்டாவிடம் மாட்டிக்கொண்டேன். அந்த ஷாட் பலம், நீள முடி, கார்னர் கொடிப் பக்கம் ஓடிப்போய் மெஷின் கன் மாதிரி கையை வைத்துக் கொண்டாடுவது, எல்லாமே பிடித்துவிட்டது. ஆனால் அவருடைய கணக்கை எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது.

1991-ல் அர்ஜென்டினாவிலிருந்து ஃபுளோரன்ஸ் நகரத்து கிளப்பான ஃபியோரென்டினாவுக்கு வருகிறார், வயது 22. 2000 வரை அங்கேயே இருக்கிறார். ஒரு ஸ்டிரைக்கருக்கு உச்சமான காலம் முழுக்க அந்த ஒரே கிளப். கிடைத்தது ஒரு இத்தாலியக் கோப்பை, ஒரு சூப்பர் கோப்பை, அப்புறம் இரண்டாம் டிவிஷன் பட்டம், அவ்வளவுதான். நடுவில் கிளப் இரண்டாம் டிவிஷனுக்கே இறங்கியிருக்கிறது, அப்போதும் இவர் போகவில்லை. லீக் பட்டம் வேண்டுமென்று 31 வயதில் ரோமாவுக்குப் போனார், போன முதல் சீசனிலேயே கிடைத்துவிட்டது. அப்படியென்றால் நாலைந்து வருஷம் முன்னாலேயே போயிருந்தால் எத்தனை வாங்கியிருப்பார்?

என் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுகிறார்கள். ஒருவன் இது விசுவாசம், இந்தக் காலத்தில் யாரிடமும் இல்லாதது என்கிறான். இன்னொருவன், வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போகிற ஆட்டக்காரனுக்குப் பத்து வருஷம்தான் வாழ்க்கை, அதில் ஒன்பதை ஒரே ஊரில் வைத்தது தப்பு என்கிறான். எனக்கு முடிவு சொல்லத் தெரியவில்லை. நான் அந்தக் காலத்தில் மேட்ச் பார்க்கும் வயதில் இல்லை. நேரில் தொடர்ந்து பார்த்தவர்கள், படித்தவர்கள் கொஞ்சம் விளக்கமாக எழுதினால் நன்றாக இருக்கும்.


ஞாயிறுமேட்ச்:

நல்ல கேள்வி தம்பி. ஆனால் நீங்கள் இப்போதைய கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்தக் காலத்தைப் பார்க்கிறீர்கள், அதனால்தான் உறுத்துகிறது.

முதலில் 1991-ல் இத்தாலி லீக் எப்படி இருந்தது என்று பாருங்கள். உலகத்தின் பணமும் ஆட்களும் அங்கேதான் இருந்தார்கள். மிலானில் வான் பாஸ்டன், குல்லிட், ரைக்கார்ட். இன்டரில் மத்தேயஸ், கிளின்ஸ்மன், பிரேமெ. நேப்பொலியில் கரேக்கா. ஒரு மேட்சில் மூன்று வெளிநாட்டவருக்கு மேல் இறக்க முடியாது என்று விதி. அதனால் ஒரு பெரிய கிளப்புக்குப் போவதென்றால் அங்கே இருக்கிற மூன்று பேரில் ஒருவரைத் தள்ளிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். அந்த வரம்பை உடைத்த போஸ்மன் வழக்கின் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1995 டிசம்பரில். அதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்காரர்களுக்குத்தான் கதவைத் திறந்தது, அர்ஜென்டினாக்காரர்களுக்கு நேரடியாக இல்லை. அந்தச் சூழலில் ஒரு கிளப்பில் தினமும் முதல் பெயராக எழுதப்படுகிற வெளிநாட்டு ஸ்டிரைக்கர் என்பது லேசான இடம் இல்லை.

இரண்டாவது, ஃபியோரென்டினாவை ஒரு சின்ன கிளப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சினிமா தயாரிப்பாளர் மாரியோ செக்கி கோரி அப்போது தலைவர், பணம் போட்டார். 1992-93-ல் பாட்டிஸ்டுட்டாவோடு பிரையன் லாட்ருப், எஃபென்பெர்க் இரண்டு பேரும் அந்த அணியில் இருந்தார்கள். இப்படி ஒரு அணி இறங்கிப்போனதுதான் அந்த வருஷத்தின் பெரிய அதிர்ச்சி. சீசன் நன்றாகத்தான் ஆரம்பித்தது, மேல் பாதியில் இருந்தார்கள். ஜனவரியில் ஒரு தோல்விக்குப் பிறகு பயிற்சியாளர் ராடிச்சேயை நீக்கினார்கள். அதற்கப்புறம் அணி சரிந்துகொண்டே போனது. கடைசி நாளில் ஃபோஜியாவை 6-2 என்று அடித்தார்கள், ஆனாலும் பிழைக்கவில்லை. மூன்று அணிகள் 30 புள்ளியில் சமமாக நிற்க, தங்களுக்குள் ஆடிய மேட்சுகளின் கணக்கில் ஃபியோரென்டினா கீழே போனது. அந்த சீசனில் பாட்டிஸ்டுட்டா அடித்தது 16 கோல். இறங்குகிற அணியில் இருந்துகொண்டு 16 கோல்.

அந்தக் கோடையில் அவருக்கு 24 வயது. ஜூலை 4-ஆம் தேதி ஈக்வடாரில் தென் அமெரிக்கக் கண்டத்துக் கோப்பையான கோபா அமெரிக்காவின் இறுதிப் போட்டி, மெக்சிகோவை 2-1 என்று ஜெயித்தார்கள், இரண்டு கோலும் இவருடையது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிலியில் நடந்த கோபாவிலும் இவர்தான் அதிக கோல். தொடர்ந்து இரண்டு முறை கண்டத்தின் சாம்பியன், இறுதிப் போட்டியின் நாயகன், அடுத்த மாதம் இத்தாலியின் இரண்டாம் டிவிஷனில் ஆடப் போகிறார். இதை நினைத்துப் பாருங்கள். உலகக் கோப்பை வேறு அடுத்த வருஷம் இருக்கிறது. அப்போது கிளம்பியிருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இவர் இருந்தார். ராணியேரி பயிற்சியாளராக வந்தார், பாட்டிஸ்டுட்டா 16 கோல் அடிக்க, ஒரே வருஷத்தில் அணியை மேலே கொண்டுவந்தார்கள். திரும்பி வந்த 1994-95 சீசனில்தான் அந்தச் சாதனை: முதல் 11 மேட்சிலும் கோல். போலோன்யாவின் பாஸ்குட்டி 1962-ல் பத்து மேட்ச் அடித்து வைத்திருந்த கணக்கை முப்பது வருஷம் கழித்து உடைத்தார். மொத்தம் 26 கோல், லீக்கிலேயே அதிகம். அணி முடித்த இடம் பத்தாவது! பத்தாவது இடத்து அணியிலிருந்து லீக்கின் முதல் ஸ்டிரைக்கர் வருவது எவ்வளவு அபூர்வம் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

நண்பர் சொன்ன 'விசுவாசம்' என்ற வார்த்தையில் எனக்கு முழு சம்மதம் இல்லை. அவர் அங்கே இருந்ததற்குக் காரணம், அந்த ஊரில் ஒரு கோப்பை ஜெயித்தால் அதற்கு இருக்கும் மதிப்பு வேறு எங்கேயும் இருக்காது என்று நம்பியது. 1996 மே மாதம் இத்தாலியக் கோப்பையை வாங்கியபோது ஃபியோரென்டினாவுக்கு அது இருபது வருஷத்துக்கு மேல் கழித்து வந்த முதல் கோப்பை. ஆகஸ்டில் சான் சிரோவில் சாம்பியன் மிலானை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று சாய்த்து சூப்பர் கோப்பையும் எடுத்தார்கள். இரண்டு கோலும் இவரே. இரண்டாவது ஃப்ரீ கிக்கில் அடித்துவிட்டு நேராகக் கேமராவிடம் ஓடி மனைவி பெயரைச் சொல்லி 'உன்னைக் காதலிக்கிறேன் இரினா' என்று கத்தினார். அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்பது வருஷத்தை வீணடிக்கிற ஆளின் முகம் தெரிகிறதா?


கோப்பைக்கணக்கு:

ஞாயிறுமேட்ச் எழுதியது எல்லாம் உண்மை, ஆனால் அது 1996 வரைக்குமான கதை. நான் அதற்கு அடுத்த நாலு வருஷத்தைப் பற்றித்தான் கேட்பேன்.

1996-97, லீக்கில் 13 கோல், அணி நடுவில் எங்கேயோ. ஐரோப்பாவின் 'கோப்பை வென்றவர்கள் கோப்பை' என்ற போட்டியில் அரையிறுதி, கேம்ப் நூவில் பார்சிலோனாவுக்கு எதிராக அவர் அடித்த கோல் இன்றைக்கும் பேசப்படுகிறது, அடித்துவிட்டு மொத்த ஸ்டேடியத்தையும் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். அழகுதான். 1-1 என்று முடிந்தது, ஃபுளோரன்ஸ் மேட்சில் 2-0 என்று பார்சிலோனா ஜெயித்தது, கதை முடிந்தது. அடுத்த வருஷம் 21 கோல், கோப்பை எதுவும் இல்லை. அதற்கடுத்த வருஷம் மறுபடியும் 21 கோல், அதுதான் எனக்கு ஆறாத வருஷம்.

1998-99. ட்ரப்பட்டோனி பயிற்சியாளர். ருயி கோஸ்டா நடுவில், டோல்டோ கோல் காப்பில், முன்னால் பாட்டிஸ்டுட்டாவும் பிரேசிலின் எட்முண்டோவும். சீசன் பாதியில் ஃபியோரென்டினா முதலிடம். பிப்ரவரியில் மிலானுக்கு எதிரான மேட்சில் பாட்டிஸ்டுட்டாவுக்குக் காயம், வாரக்கணக்கில் வெளியே. அதே நேரத்தில் எட்முண்டோ ரியோ கார்னிவலுக்குப் போய்விட்டார். லீக்கில் முதலிடத்தில் இருக்கிற அணியின் இரண்டு முன்வரிசைக்காரர்களும் ஒரே சமயத்தில் இல்லை. கடைசியில் மிலான் சாம்பியன், ஃபியோரென்டினா மூன்றாமிடம்.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு ஆள் விழுந்தால் மொத்தமும் விழுகிற அணியில் இருப்பது என்பது, அந்த ஆள் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும், பட்டத்தைத் தானாகவே விட்டுக்கொடுப்பதுதான். யுவென்டஸிலோ மிலானிலோ ஸ்டிரைக்கருக்குக் காயம் என்றால் அதே தரத்தில் இன்னொருவர் பெஞ்சில் இருப்பார். கிளப் தலைவர் மாற்று ஆள் வாங்கவில்லை, வருஷா வருஷம் 'அடுத்த சீசன் பட்டத்துக்கு ஆடுவோம்' என்று வாக்குறுதி மட்டும். இதை அவரே புரிந்துகொண்டுதான் 2000-ல் கிளம்பினார். அப்போது புரிந்தது 1997-லும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தானே?

அப்புறம் ஒன்று. அவர் போன மறு வருஷமே, 2001-ல், ஃபியோரென்டினா மறுபடியும் இத்தாலியக் கோப்பை ஜெயித்தது. அதற்கடுத்த வருஷம், 2002-ல், இறங்கியது மட்டுமில்லை, கிளப்பே திவாலாகி வேறு பெயரில் நாலாம் டிவிஷனிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இவர் தோள் கொடுத்த கட்டடத்தின் அஸ்திவாரமே அப்படி இருந்திருக்கிறது. ஒரு ஆட்டக்காரன் தன் முதுகில் ஒரு கிளப்பைத் தூக்கலாம், அதன் கணக்குப் புத்தகத்தைத் தூக்க முடியாது.


வலதுவிங்:

இரண்டு பேருக்கும் நன்றி. 98-99 கதை எனக்குத் தெரியாது, படித்ததும் வயிற்றைப் பிசைகிறது. இன்னொரு கேள்வி: அவர் வந்த புதிதில் எப்படி இருந்தார்? அர்ஜென்டினாவிலேயே மூன்று கிளப் மாறியிருக்கிறார் என்று பார்த்தேன், அதுவும் ரிவர் பிளேட்டிலிருந்து நேராக அதன் பரம எதிரி போகா ஜூனியர்ஸ்! அது எப்படி நடந்தது? ஆட்டத்தில் அவரிடம் குறிப்பாக எதைப் பார்க்க வேண்டும்?


பாக்ஸுக்குள்ளே:

நான் லோக்கல் லீக்கில் ஸ்டிரைக்கராக ஆடியவன், இப்போது பையன்களுக்குச் சொல்லித்தருகிறேன், அதனால் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

பாட்டிஸ்டுட்டா பிறவியிலேயே பந்தோடு வந்தவர் இல்லை. சான்டா ஃபே மாகாணத்தில் ரெகான்கிஸ்டா என்ற ஊரில் வளர்ந்தார். சின்ன வயதில் கூடைப்பந்து உட்பட வேறு ஆட்டங்களில்தான் ஆர்வம். 1978 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவின் கெம்பெஸ் ஆடியதைப் பார்த்த பிறகுதான் இந்தப் பக்கம் மனசு திரும்பியது. ரொசாரியோவின் நியூவெல்ஸ் ஓல்ட் பாய்ஸுக்குப் போனபோது அவரைப் பிடித்து உருட்டியவர் பயிற்சியாளர் பியெல்சா. பையன் கொஞ்சம் கனமாக இருந்தார், அல்ஃபஹோர் என்ற அந்த ஊர் இனிப்பு பிஸ்கட் மேல் ஆசை அதிகம், அதை நிறுத்தச் சொல்லி மழையிலும் ஓடவைத்தார் பியெல்சா. வீட்டை விட்டு வெகுதூரம், ஸ்டேடியத்திலேயே ஒரு அறையில் படுக்கை. வெளிநாடு போவதற்கு முன்னாலேயே ஊரை விட்டு இருப்பது எப்படி என்று பழகிக்கொண்டது அங்கேதான்.

1989-ல் ரிவர் பிளேட். அங்கே பாசரெல்லா பயிற்சியாளராக வந்ததும் இவரை ஓரங்கட்டிவிட்டார். 1990-ல் போகா. அங்கேயும் தொடக்கத்தில் சரியாக வரவில்லை, ஓரத்தில் ஆடவைத்தார்கள். 1991 தொடக்கத்தில் டபாரெஸ் பயிற்சியாளராக வந்து இவரை நடுவில் நிறுத்தினார், அவ்வளவுதான், அடுத்த ஆறு மாதத்தில் இவர் வாழ்க்கையே மாறியது: லீக்கில் கோல் மேல் கோல், கோபா, அப்புறம் ஐரோப்பா. ஸ்டிரைக்கர் எங்கே நிற்கிறான் என்பதில் இரண்டு கஜம் மாறினால் வாழ்க்கையே மாறும் என்று என் பையன்களிடம் சொல்லும்போது இவர் பெயரைத்தான் சொல்வேன்.

இத்தாலியில் முதல் சீசன் 13 கோல். ஆனால் அந்த லீக்கின் டிஃபெண்டர்கள் பரேசி, மால்டினி, கோஸ்டாகுர்டா, வியெர்கோவோட். முதுகில் ஒட்டிக்கொண்டே நிற்பார்கள், நடுவர் அவ்வளவு சீக்கிரம் விசில் ஊதமாட்டார். ஒரு மேட்சில் இரண்டு வாய்ப்பு கிடைத்தால் பெரிது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஸ்டிரைக்கர் பிழைக்க இரண்டு வழி. ஒன்று, ஏமாற்றிவிட்டுப் போகிற வேகமும் கால்வேலையும் இருக்க வேண்டும், பிரேசில் ரொனால்டோவிடம் இருந்த மாதிரி. இவரிடம் அது இல்லை. இன்னொரு வழி, இடமே இல்லாத இடத்திலிருந்து அடிக்கத் தெரிய வேண்டும். இவர் பின்காலை முழுக்க இழுத்து அடிப்பதில்லை, கவனித்துப் பாருங்கள், முழங்காலுக்குக் கீழே ஒரு சுண்டல், ஆனால் உடம்பின் மொத்த எடையும் பந்துக்கு மேலே சாய்ந்திருக்கும். அதனால் டிஃபெண்டருக்கு அடி வருவது தெரியும்போது பந்து போய்விட்டிருக்கும்.

வெம்ப்ளி கோல் ஒன்று போதும் இதைப் புரிந்துகொள்ள. 1999 அக்டோபர் 27, சாம்பியன்ஸ் லீக், லண்டன் கிளப் அர்சனல் தன் ஐரோப்பிய மேட்சுகளை வெம்ப்ளி ஸ்டேடியத்தில் ஆடிய காலம். பந்து வலது ஓரத்தில் இவரிடம் வருகிறது, எதிரே அர்சனல் டிஃபெண்டர் வின்டர்பர்ன். கோல் பக்கம் வெட்டி உள்ளே வருவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இவர் வெளிப்பக்கம் தள்ளுகிறார். கோணம் குறுகிக்கொண்டே போகிறது, அங்கேயிருந்து கிராஸ் போடுவதுதான் வழக்கம். ஒரே அடி. கோல்கீப்பர் சீமன் கை தூக்குவதற்குள் பந்து அவரைத் தாண்டி எதிர்ப்பக்க மேல்மூலையில். 1-0, அர்சனல் வெளியே. அந்த கோலை நான் பையன்களுக்குப் போட்டுக்காட்டும்போது அடியைப் பார்க்காதீர்கள், அதற்கு முந்தின தொடுதலைப் பாருங்கள் என்பேன். வெளிப்பக்கம் தள்ளிய அந்தத் தொடுதலில்தான் எல்லாம் இருக்கிறது, பந்து சரியாக வலது கால் பாய்கிற தூரத்தில் போய் நிற்கிறது, அங்குலம் முன்னே பின்னே இல்லை.

தலையால் அடிப்பது, ஃப்ரீ கிக், பெனால்டி, இடது கால், எல்லாமே இருந்தது. கீழே இறங்கி வந்து ஆட்டத்தைக் கட்டுவது அவர் வேலை இல்லை, அதற்கு 1994-லிருந்து ருயி கோஸ்டா இருந்தார். இந்த இரண்டு பேரும் ஆறு சீசன் ஒன்றாக ஆடியதை நான் அவர் தங்கிய முடிவின் பக்கம்தான் வைப்பேன். தன் ஓட்டம் தெரிந்த பாஸர் ஒருவர் கிடைப்பது ஸ்டிரைக்கருக்குச் சம்பளத்தை விடப் பெரியது, கோப்பைக்கணக்கு இதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.


கட்டுப்போடுபவன்:

நான் பிசியோதெரபிஸ்ட். எல்லோரும் பட்டம், கோல் என்று பேசுகிறீர்கள், இந்த ஆளுடைய கணுக்காலைப் பற்றி யாரும் எழுதவில்லையே.

பாட்டிஸ்டுட்டா 2005-ல் கத்தாரில் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு அவரே பேட்டிகளில் சொன்னது: ஆட்டத்தை விட்ட கொஞ்ச நாளிலேயே நடக்க முடியாத நிலை. இரவில் சிறுநீர் வந்தால் கழிவறை சில அடி தூரத்தில்தான், ஆனால் காலைத் தரையில் ஊன்றினால் வரப்போகிற வலியை நினைத்துப் படுக்கையிலேயே போய்விட்டார். விடிந்ததும் தெரிந்த டாக்டரிடம் போய் என் கால்களை வெட்டிவிடுங்கள் என்று கேட்டார். டாக்டர் மறுத்தார். அதற்கப்புறம் ஒரு கணுக்காலில் திருகு வைத்து எலும்பைச் சேர்த்துக் கட்டினார்கள். 2019-ல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் இன்னொரு கணுக்காலுக்குச் செயற்கை மூட்டு வைத்தார்கள்.

இது என்ன நோய் என்று கேட்பவர்களுக்கு: பெயர் தெரியாத நோயெல்லாம் இல்லை. கணுக்கால் மூட்டில் இரண்டு எலும்பும் நேராக உரசாமல் இருக்க நடுவில் வழுவழுப்பான குருத்தெலும்பு இருக்கிறது, சில மில்லிமீட்டர்தான் தடிமன். அது தேய்ந்தால் மறுபடி வளராது. சுளுக்கு, அடி, அதன் மேல் மறுபடி சுளுக்கு, முழுசாக ஆறுவதற்கு முன்னால் வலி மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு களத்தில் இறங்குவது, இதெல்லாம் சேர்ந்தால் ஒருநாள் எலும்பு மேல் எலும்பு உட்கார்ந்துவிடும். வலி என்பது நிறுத்து என்று உடம்பு சொல்கிற சொல். ஊசி அந்தச் சொல்லை மட்டும்தான் அடக்கும், உள்ளே நடக்கிற தேய்மானத்தை இல்லை. அவர் காலத்தில் இது ஏதோ ஒரு கிளப்பின் பழக்கம் இல்லை, எல்லா ஊரிலும் அப்படித்தான். ஆட்டக்காரரும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஓர் அணி ஒரே ஆளை நம்பியிருந்தால், அந்த ஆள் அரைகுறைக் காலோடும் இறங்கித்தான் ஆக வேண்டும். சிகிச்சை அறையில் இதைத்தான் தினம் பார்க்கிறோம். மாற்று ஆள் இருக்கிற அணியில் ஆடுபவன் மூன்று வாரம் ஓய்வெடுப்பான், இல்லாத அணியில் ஆடுபவன் பத்தாவது நாளே கட்டுப்போட்டுக்கொண்டு வந்து நிற்பான். பெரிய கிளப்புக்குப் போயிருந்தால் இன்னும் நாலு கோப்பை வாங்கியிருப்பாரா என்பது எனக்குத் தெரியாது, எனக்கு அதில் அக்கறையும் இல்லை. ஆனால் வருஷத்தில் சில மேட்சுகள் உட்கார்ந்திருக்க முடிந்திருக்கும். அந்தக் கால்களுக்கு அது பெரிய வித்தியாசம். வெளிநாட்டுக்கு ஆடப் போகிற எந்தப் பையனும் ஒப்பந்தத்தில் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன்னால், எனக்குக் காயம் என்றால் அங்கே என் இடத்தில் ஆட யார் இருக்கிறார் என்று கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பையனுக்கு என் இடம் போய்விடுமே என்ற பயம் இருக்கும், புரிகிறது. ஆனாலும் கேட்க வேண்டும்.


ஞாயிறுமேட்ச்:

கட்டுப்போடுபவன் அண்ணே, இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ரோமாவுக்குப் போனபோதே முழங்காலும் கணுக்காலும் சரியில்லை. 31 வயது ஆளுக்கு 70 பில்லியன் லிரா கொடுத்தார் ரோமா தலைவர் சென்சி, முப்பது தாண்டிய யாருக்கும் அதுவரை அவ்வளவு கொடுத்ததில்லை. பயிற்சியாளர் கபெல்லோ ஒரு பட்டத்துக்கு மட்டும் அவரை எடுத்தார் என்றே சொல்லலாம். முதல் சீசனில் 28 மேட்ச், 20 கோல், 2001 ஜூன் 17-ல் பார்மாவை 3-1 என்று ஜெயித்தார்கள், கோல் அடித்தது டோட்டி, மோன்டெல்லா, கடைசியில் பாட்டிஸ்டுட்டா, பட்டம். அதற்கடுத்த சீசன் லீக்கில் 6 கோல்தான். உடம்பில் ஒரே ஒரு பெரிய சீசன் பாக்கி இருந்தது, அதை அங்கே செலவழித்தார். பிறகு இன்டருக்கு லோனில் போய் 12 மேட்சில் 2 கோல், அங்கிருந்து அல் அரபி. கத்தாரில் 18 மேட்சில் 25 கோல் அடித்தார் என்று கணக்கில் இருக்கும், அந்த எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம், பாதி நின்றுகொண்டே ஆடினார்.

வலதுவிங் தம்பி, நீங்கள் ஒரு மேட்ச் மட்டும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் 2000 நவம்பர் 26, ரோமா – ஃபியோரென்டினா பாருங்கள். 83-ஆவது நிமிஷம் வரை 0-0. பந்து எழும்பி வருகிறது, பாக்ஸுக்கு வெளியே, விழுவதற்குள் வாலி. டோல்டோ பாய்கிறார், அதே டோல்டோதான், அத்தனை வருஷம் இவரோடு ஒரே அறையில் உடை மாற்றியவர். கோல். ரோமாக்காரர்கள் எல்லோரும் ஓடி வந்து மேலே விழுகிறார்கள், இவர் அசையவில்லை, கண் கலங்கி நிற்கிறார். ஊரை விட்டு ஊர் போய் உழைக்கிறவர்களுக்கு அந்த முகம் புரியும். வளர்ந்த ஊர் ரெகான்கிஸ்டா, ஆனால் அழுதது ஃபுளோரன்ஸுக்காக.


நீலவெள்ளை:

எல்லோரும் கிளப்போடு நின்றுவிட்டீர்கள். அர்ஜென்டினாவுக்கு 54 கோல், 2016-ல் மெஸ்ஸி தாண்டும் வரை அதுதான் தேசியச் சாதனை. இரண்டு வெவ்வேறு உலகக் கோப்பையில் ஹாட்ரிக் அடித்த ஒரே ஆள்: 1994-ல் கிரீஸ், 1998-ல் ஜமைக்கா. உலகக் கோப்பையில் மொத்தம் 10. மேலே ஒருவர் சொன்ன 1993 கோபா இறுதிப் போட்டியை லேசாகக் கடந்துவிடாதீர்கள், அதற்குப் பிறகு அர்ஜென்டினா சீனியர் அணி ஒரு பெரிய கோப்பை வாங்க 2021 வரை காத்திருந்தது, 28 வருஷம். இரண்டாம் டிவிஷனில் ஆடியதால் தேசிய அணியில் இடம் போகவில்லை, 1994 உலகக் கோப்பையில் முதல் மேட்சே ஹாட்ரிக். அதனால் 1993-ல் தங்கியதை மட்டும் யாரும் தப்பு என்று சொல்ல முடியாது. இடம் போனது அப்புறம், பாசரெல்லா தேசிய அணிக்கும் பயிற்சியாளராக வந்து கொஞ்ச காலம் வெளியே வைத்தபோது. ரிவரில் நடந்த அதே கதை. 98-க்குள் திரும்ப வந்துவிட்டார், 5 கோல் அடித்தார்.


கோப்பைக்கணக்கு:

1993-ல் தங்கியதை நானும் தப்பு என்று சொல்லவில்லை, நீலவெள்ளை. என் கேள்வி 1997 கோடையைப் பற்றித்தான், அதில் நான் இன்னும் மாறவில்லை. ருயி கோஸ்டா விஷயத்தை பாக்ஸுக்குள்ளே சொன்னது நியாயம், அதை ஏற்கிறேன். ஆனால் கட்டுப்போடுபவன் எழுதியது என் பக்கத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. முதல் டிவிஷன் லீக்கில் 152 கோல், ஃபியோரென்டினாவின் சாதனை, அந்தக் கிளப்பின் பழைய ஆட்டக்காரர் ஹம்ரினின் கணக்கைத் தாண்டியது. அந்த 152-ல் எத்தனை ஊசியோடு அடித்தது என்று கணக்கு எடுத்தால் அந்த ரசிகர்களே போய்விட்டு வா என்று 1997-ல் அனுப்பியிருப்பார்கள்.


வலதுவிங்:

எல்லோருக்கும் நன்றி. 98-99 சீசன் மேட்சுகளை வரிசையாகப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன், மிலான் மேட்சுக்கு முன்னால் வரைக்கும். யாரிடமாவது அந்த வருஷத்து முழு மேட்ச் பதிவுகள் இருந்தால் சொல்லுங்கள், ஹைலைட்ஸில் அவர் பந்து இல்லாதபோது எங்கே நிற்கிறார் என்பது தெரியவே மாட்டேன் என்கிறது.